பொன்னுச்சாமி முதலாளியின் இடது பின்சக்கரம்

எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பில் இப்போது சர்வீஸ் பொறுப்பில் இருப்பவர் நித்யா என்ற இளம் என்ஜினியர். போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது.

“சார், ஒரு பேட்டரி காருங்க. பின்னாடி வீல் பக்கம் கீச்சுகீச்சுன்னு சத்தம் வருதுன்னு கஸ்டமர் சொல்றாருங்க. லேப்டாப் மாட்டிப் பாத்தாச்சு. வண்டியில ஒரு கோளாறும் இல்லைன்னு அது சொல்லுது. கஸ்டமர் லேப்டாப்ப நம்ப மாட்டேங்கறாரு. உங்க காலத்துல இதுக்கு என்னங்க பண்ணுவீங்க?”

எங்கள் காலத்தில் லேப்டாப்பின் வேலையையும் நாங்களே செய்தோம். வண்டியில் ஒன்றுமில்லை என்று நாங்களே சொல்வோம். கஸ்டமர் எங்களையும் நம்ப மாட்டார். இதை நித்யாவிடம் சொல்லவில்லை. “புகார் சொன்னவர பின்சீட்ல உக்கார வெச்சு ஓட்டிப் பாத்தீங்களா அம்மணி?” என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். பாருங்கள் என்றேன்.

என்ஜின் சத்தமே இல்லாத கார் செய்வதற்காக உலகம் இவ்வளவு பாடுபட்டிருக்கிறது. அந்தச் சத்தம் போனபின், அதுவரை அதற்குள் ஒளிந்திருந்த கீச்சு, கிரீச்சு, டொக்கு எல்லாம் வெளியே கேட்கத் தொடங்கிவிட்டது. போனை வைத்தபின் பொன்னுச்சாமி முதலாளியின் வெள்ளை அம்பாசிடர் ஞாபகம் வந்தது. போனில் சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் காரமடைக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்து என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார்கள். கோயமுத்தூர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து, வண்டி கழுவி, ஆயில் மாற்றி, ஒருவழியாக மெக்கானிக் ஆனேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள். காது நன்றாகக் கேட்கும் என்பதைத் தவிர வேறு தனித்திறமை எதையும் யாரும் என்னிடம் கண்டுபிடித்ததில்லை. ஆகவே சத்தப் புகார்கள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன.

ஒர்க்‌ஷாப்பின் மேனேஜர் விசுவநாதன் சார். ஒரு கிரீஸ் பொட்டுகூட விழாத வெள்ளைச் சட்டை, முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக என்னை “ஆரோக்கியம், இங்க வாங்க” என்று கூப்பிடுபவர், கோபத்தில் “ஏனுங்க ஆரோக்கியசாமிங்க, சித்த இங்க வர்றீங்களாங்க?” என்பார். அந்த ‘ங்க’க்களை எண்ணிப் பார்த்தே எவ்வளவு பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பொய் சொல்லமாட்டார். அதோடு, பெரும்பாலும் கேள்வியாகவே பேசுவார். எந்த வண்டி வந்தாலும் முதலில் மூன்று கேள்விகள்: “எப்ப இருந்துங்க? அதுக்கு முன்னால என்ன மாறுச்சுங்க? யாரு இருக்கறப்ப வருதுங்க?” மூன்றாவது கேள்வி புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றுவிடும்.

பின்சக்கரப் பக்கம் சத்தம் என்று யாராவது வந்து சொன்னால் சக்கரத்தை நம்பக்கூடாது. காரின் பின்பாதியில் எங்கே சத்தம் வந்தாலும் மனிதக் காது அதைச் சக்கரத்தின் தலையில்தான் போடும். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு ஜீப்பில், பின்சக்கரம் கீச்சிடுகிறது என்று இரண்டு டிரம்களையும் கழற்றிவிட்டோம். சீட்டுக்கடியில் எலி குட்டி போட்டிருந்தது.

அதனால் முறை ஒன்று வைத்திருந்தோம். முதலில் டிக்கியைக் காலி செய்ய வேண்டும். ஜாக்கி, ஸ்டெப்னி, கோயிலுக்குப் போய்வந்த குடம், எல்லாம் வெளியே. பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். சக்கரம் சுற்றும் வேகத்தோடு சத்தமும் வேகமாகிறதா, அல்லது குழியில் இறங்கி ஏறும்போது மட்டும் வருகிறதா? சுற்றும்போது வந்தால் பிரேக், பேரிங், வீல் கப்பு. குழியில் வந்தால் ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர், அவற்றைத் தாங்கும் ரப்பர் புஷ்கள். பிரேக்கை லேசாகத் தொட்டால் மாறுகிறதா, வளைவில் ஒரு பக்கம் மட்டும் கூடுகிறதா என்று பார்ப்போம். கடைசியாகத்தான் ஜாக்கி.

பொன்னுச்சாமி முதலாளிக்குக் கிணத்துக்கடவு ரோட்டில் தென்னந்தோப்பும், பம்ப் செட்டுக்கான இரும்பு வார்ப்புகள் செய்யும் பவுண்டரியும் இருந்தன. லாரி, வேன், கார் எல்லாம் எங்களிடம்தான் சர்வீஸ். அவருடைய அம்பாசிடர் பல வருடமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம், ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர் அந்தக் காரில் ஏறி, “ஏனுங், வண்டிக்குள்ள கோழிக்குஞ்சு வளக்கறீங்களா?” என்று கேட்டிருக்கிறார். மறுநாள் வண்டி எங்கள் வாசலில் நின்றது.

“என்ன பண்ணுவீங்களோ தெரியாது. சத்தம் நிக்கோணும்” என்றார் முதலாளி. குரல் பெரியது. பவுண்டரியில் உலைக்குக் காற்றூதும் புளோயர் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மருத்துவமனைக்குப் போனாலும் அதே குரலில் நலம் விசாரிக்கிற ஆள்.

அவருடைய டிரைவர் ஆறுமுகத்தோடு வண்டியை எடுத்துப்போனேன். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு குழியையும் விடாமல் இறக்கினோம். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்து அப்படியே சொன்னேன். முதலாளி என்னைப் பார்க்காமல் மேனேஜரைப் பார்த்து, “அப்ப நான் பொய் சொல்றனுங்களா?” என்றார்.

விசுவநாதன் சார் தன் மூன்றாவது கேள்விக்கு வந்தார். “யாரு இருக்கறப்ப வருதுங்க?”

“நான் உக்காந்தா வருது.”

“எங்கீங்க உக்காருவீங்க?”

“பின்னால, இடது பக்கம். எப்பவும் அங்கதான்.”

சார் அவருடைய உடம்பை மேலிருந்து கீழாக மரியாதையாக ஒருமுறை பார்த்தார். பிறகு என் உடம்பையும் பார்த்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து பின்சீட்டில் உட்கார்ந்து போய்வர வேண்டும் என்று முடிவாயிற்று.

முதலாளி ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, டேஷ்போர்டிலிருந்த செய்தித்தாளை எடுத்து நான் உட்காரப்போகும் இடத்தில் விரிக்கச் சொன்னார். “கிரீஸ் பட்டுருமுங்க, அதுக்குத்தான்” என்றார். என் சட்டை அன்று காலைதான் துவைத்தது. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது அவருக்கும் புரிந்தது. அவர் தோட்டம் மாதிரி ஒரு தோட்டத்தில் என் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் செய்தித்தாளின் மேல் உட்கார்ந்து, இடது பக்கம் சாய்ந்து, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனேன். வேலை அப்படி. அவர் ஜன்னல் பக்கமாக ஒதுங்கினார். ஒதுங்கிய எடை இடது ஸ்பிரிங்கில் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சத்தம் கணீரென்று வந்தது.

கோளாறு சாதாரணம்தான். வருடக்கணக்காக ஒரே மூலையில் உட்கார்ந்ததில் அந்தப் பக்கத்து ரப்பர் புஷ் நசுங்கி, இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. புஷ்ஷை மாற்றி, ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்துத் துரு தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் வைத்து மாட்டினோம். மறுபடி செய்தித்தாள், மறுபடி பயணம். வண்டி பூனை மாதிரி போனது. முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விசுவநாதன் சார் எனக்குக் கை கொடுத்தார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. வண்டி திரும்பி வந்தது. கீச்சு.

“ஏனுங்க ஆரோக்கியசாமிங்க” என்று தொடங்கினார் சார். மீதியை எழுதவில்லை.

இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. குழிக்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. சக்கரம் சுற்றச் சுற்ற, கீச்... கீச்... என்று தாளம் போட்டது. வேகம் கூடினால் தாளமும் கூடியது. பிரேக் என்று நினைத்தேன். சக்கரம் கழற்றி, டிரம் திறந்து, தூசி துடைத்து, உரசும் இடங்களுக்குப் பட்டும் படாமல் கிரீஸ் தொட்டு மாட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. எதனால் நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்றதற்குக் காரணம் தெரியாவிட்டால் அது ரிப்பேர் அல்ல, தற்காலிகச் சமாதானம். ஆனால் வாடிக்கையாளர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது தத்துவம் பேச முடியாது. அனுப்பிவிட்டோம்.

மறுபடியும் வந்தது. இப்போது முதலாளி கத்தினார். இன்னொரு தடவை வந்தால் லாரி முதல் மொபெட் வரை எல்லாவற்றையும் வேறு ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். உள்ளே வேலை செய்த அத்தனை பேரும் ஸ்பேனரை நிறுத்திக் கேட்டார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப் உரிமையாளரும் கேட்டார். ஃபோர்மேன் பதவிக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று அவர் மேனேஜரிடம் விசாரித்தது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் என் காது மட்டும்தான் கூர்மை என்று சொல்ல முடியாது.

விசுவநாதன் சார் அன்று சட்டைக் கையை மடித்தார். எங்களில் யாரும் அதுவரை அவர் முழங்கையைப் பார்த்ததில்லை.

“ஆரோக்கியம், போன தடவை எத்தன வேலைய ஒண்ணாச் செஞ்சீங்க?”

“சக்கரத்தக் கழட்டி, டிரம் தொறந்து, சுத்தம் பண்ணி...”

“அதுல எந்த வேலைக்குச் சத்தம் நின்னுதுங்க?”

“தெரியலீங்க சார்.”

“அப்ப இன்னிக்கு ஒரு வேலை செஞ்சா ஒரு ரவுண்டு ஓட்டலாங்களா? நடுவுல ரெண்டாவது வேலை வேண்டாமுங்க.”

டிக்கியைக் காலி செய்து ஒரு ரவுண்டு. சத்தம் இருந்தது. நட்டுகளை இறுக்கி ஒரு ரவுண்டு. இருந்தது. சக்கரத்தின் நடுவில் அழகுக்கு மாட்டியிருக்கும் வீல் கப்பை மட்டும் நெம்பி எடுத்துவிட்டு ஒரு ரவுண்டு. சத்தம் இல்லை.

கப்பைத் திருப்பிப் பார்த்தேன். உள் விளிம்பில் கொட்டாங்குச்சித் துண்டு ஒன்று செருகியிருந்தது. தானாக வந்து மாட்டிய சில்லு அல்ல. ஒரு முனை கத்தியால் சீவி மெல்லிசாக்கப்பட்டிருந்தது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் தகரத்தோடு உரசிக் கத்தும்படி, அளவெடுத்துச் செதுக்கியிருந்தார்கள். போன தடவை சக்கரம் கழற்ற நான் கப்பைப் பிடுங்கி எறிந்தபோது அப்போதிருந்த துண்டு எங்கோ தெறித்துப் போயிருக்கும். நான் பிரேக்கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தினம் நிற்கிற ஆள் ஆறுமுகம் ஒருத்தர்தான். எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். துண்டை அவர் முன்னால் பெஞ்சில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். மறுக்கவில்லை. “டீ சொல்லட்டுங்களா?” என்றார்.

“என்ற வேலைக்கு ஒலை வெச்சுட்டு டீ வேறயாங்க?”

“உங்களுக்கு இப்படி ஆகும்னு நெனைக்கலீங்க” என்றவர், டீயை மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். “எங்க முதலாளி பவுண்டரிக்குச் சொல்லாமக் கொள்ளாமத்தான் வருவாரு. ஹார்ன் அடிக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. திடீர்னு போயி நின்னு, யாராச்சும் ஒரு தப்புப் பண்ணீட்டிருந்தா, முதுகுக்குப் பின்னால இருந்து கத்துவாரு. அவரு கத்து எப்படின்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“வண்டி கீச்சுன்னுட்டு இருந்தவரைக்கும் கேட்டுல நொழையறப்பவே பசங்களுக்குத் தெரிஞ்சிரும். கொதிக்கற இரும்ப லேடில் வாளியில தூக்கீட்டுப் போறவங்க சட்டுனு கீழ எறக்கி வெச்சுருவாங்க. அவரு கத்தி முடிச்சுப் போனதும் எடுப்பாங்க. நீங்க சத்தத்த நிறுத்திக் குடுத்தீங்க பாருங்க, அந்த வாரமே காளியப்பனும் இன்னொரு பையனும் லேடிலத் தூக்கீட்டு நடக்கறாங்க, எங்க முதலாளி பின்னால போயி ‘டேய்’னு ஒரே கத்து. பையன் திடுக்குனு திரும்பீட்டான். லேடில் சாஞ்சு, இரும்பு காளியப்பன் கால்ல ஊத்திப்போச்சு.”

நான் உட்கார்ந்தேன்.

“இந்த வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முச்சூடும் வண்டியில ஒரு சத்தமில்லீங்க. நீங்க அவ்வளவு நல்லாப் பண்ணியிருந்தீங்க. அவன் கத்துனது மட்டுந்தான் கேட்டுச்சு.”

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என் வேலையைப் பாராட்டினார். என் அனுபவத்தில் கிடைத்த பாராட்டுகளில் மறக்கவே முடியாதது அதுதான்.

துண்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விசுவநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். முதலாளியிடம் சொன்னால் ஆறுமுகம் வீட்டுக்குப் போவார், பவுண்டரியில் இன்னொரு கால் வெந்துபோகும். சொல்லாவிட்டால் என் பெயரும் ஒர்க்‌ஷாப்பின் பெயரும் போகும். இதற்கிடையில் சார் பொய் சொல்ல மாட்டார் என்கிற தொந்தரவு வேறு.

“அவர நாளைக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

மறுநாள் முதலாளி வந்து உட்கார்ந்தார். நான் கதவருகில் நின்றேன்.

“காரணத்தக் கண்டுபிடிச்சாச்சுங்க” என்றார் சார். “வீல் கப்புக்குள்ள ஒரு துண்டு மாட்டியிருந்துச்சு. எடுத்தாச்சு. எப்படி வந்துச்சுன்னு நீங்க கேட்டா நான் பொய் சொல்லமாட்டேனுங்க. அதனால நீங்க கேக்காம இருந்தா நல்லது.”

முதலாளியின் முகம் சிவந்தது. வாய் திறக்கும் முன்பே சார் தொடர்ந்தார்.

“நான் ஒண்ணு கேக்கலாங்களா? சத்தம் நின்னதுக்கப்பறம் உங்க பவுண்டரியில என்னென்ன மாறுச்சுங்க?”

காரைப் பற்றிக் கேட்கிற அதே கேள்வி, அதே குரல். முதலாளிக்கு அது பிடித்துப்போனது. உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். “முன்னயெல்லாம் நான் போறப்ப அத்தன பேரும் சாமி சிலையாட்டம் ஒழுங்கா நின்னுட்டிருப்பானுங்க. இப்பத்தானுங்க நிசம் தெரியுது. ஒருத்தன் வெத்தலை போடறான், ஒருத்தன் மண்ணு மேல படுத்திருக்கறான். சூப்பர்வைசர் என்ற மச்சான், அவனே தூங்கறான்! வார்ப்பெல்லாம் வேற ஓட்டை ஓட்டையா வருது. அன்னைக்கு அப்படித்தான், லேடிலத் தூக்கீட்டு ஆடி ஆடி நடந்தானுங்க, பின்னால போயி ஒரு சத்தம் போட்டேன், அவன் திரும்பி...”

அங்கே நின்றுவிட்டார்.

சார் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. வண்டியில் சத்தம் வருகிற இடம் தெரிந்தபின் அவர் மேலும் தட்டிப் பார்க்கச் சொல்ல மாட்டார்.

முதலாளி மேசைமேல் இருந்த கொட்டாங்குச்சித் துண்டை எடுத்தார். சீவிய முனையைக் கட்டைவிரலால் தடவினார். தென்னந்தோப்புக்காரர். ஒன்றும் கேட்காமல் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். போகும்போது வணக்கம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு அமைதியாக அவர் ஒரு அறையை விட்டு வெளியேறி நாங்கள் பார்த்ததில்லை.

லாரி, வேன் எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தோம். போகவில்லை. ஆறுமுகமும் வேலையில்தான் இருந்தார். மகள் கல்யாணத்துக்குப் புதிய கார் ஒன்று வாங்கினார்கள், தண்ணீர்மேல் போகிற மாதிரி போகும். காளியப்பன் பல மாதம் கழித்து நொண்டியபடி வேலைக்குத் திரும்பினான். உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்களாம். அவனிடம் முதலாளி மன்னிப்புக் கேட்டாரா என்று ஆறுமுகத்தை விசாரித்தேன். “அப்படியெல்லாம் இல்லீங்க. ஆனா அவன் பக்கம் போனா மட்டும் மெதுவாப் பேசறாரு. அவனுக்கு அதுவே பயமா இருக்குதாம்” என்றார்.

பிறகு ஒருநாள் முதலாளியே ஆறுமுகத்தை ஓட்டச் சொல்லி அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அந்தப் பழைய சத்தத்தப் போட்டுக் குடுங்க” என்றார்.

விசுவநாதன் சார் முதல்முறையாகக் கேள்வி கேட்க மறந்தார். முதலாளி தானாகவே விளக்கினார். “ஊட்டுக்குப் போனா நாய் கொலைக்குதுங்க. வண்டி சத்தம் வெச்சு அடையாளம் கண்டுட்டிருந்துச்சு. இப்ப என்னையவே யாரோன்னு நெனைக்குது. நாய்க்குத்தான். வேற ஒண்ணுமில்ல.”

“நாய்க்குத்தானுங்க” என்றார் சார்.

பவுண்டரியில் அவர் கத்தாமல் இருந்தாலே போதும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய குரலை மாற்ற முடியாத உதிரிபாகமாகவே எல்லோரும், அவர் உட்பட, எடுத்துக்கொண்டிருந்தோம்.

சத்தத்தை எடுப்பது எளிது, போடுவதுதான் கஷ்டம் என்று அன்று தெரிந்தது. விசுவநாதன் சார் மறுபடி சட்டைக் கையை மடித்தார். பழைய புஷ் குப்பைக்குப் போய்விட்டது. ஸ்பிரிங் பட்டையின் கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். முனகியது, கீச்சிடவில்லை. கப்புக்குள் தகரம் வைத்தேன். டொக்கு டொக்கு என்றது. ரப்பர் வைத்தேன். ஊமையாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் எங்கள் பையன் ஒருவன் ஓட்ட, முதலாளியும் நானும் பின்சீட்டில் ஏறிப் போய்வந்தோம். “இது இல்லீங்க. அது இன்னும் மெலிசா இருக்கும்” என்று பாட்டு வாத்தியார் மாதிரி கண்ணை மூடிக் கேட்டுத் தலையாட்டினார். அன்று மேசையிலிருந்து எடுத்து வைத்திருந்த கொட்டாங்குச்சித் துண்டை மட்டும் நான் வெளியே எடுக்கவில்லை. ஆறுமுகத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்ற பயம். சாரும் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. நாங்கள் இருவரும் அந்த ரகசியத்தை அவ்வளவு பத்திரமாகக் காத்தோம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் முதலாளிக்குப் பொறுமை போயிற்று. காரிலிருந்து இறங்கி, ஷெட்டே அதிரும்படி கூப்பிட்டார்.

“ஆறுமுகம்!”

ஆறுமுகம் டீக்கடையிலிருந்து ஓடிவந்து நின்றார்.

“இவங்களுக்கு வெவரம் பத்தாது. நீயே போட்டுரு. உன்ற கொட்டாங்குச்சிதான் நல்லாக் கத்துச்சு.”

ஆறுமுகம் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

“பச்சைத் தேங்காயா இருந்தா சத்தம் வராதுங்க” என்றார் ஆறுமுகம், தரையைப் பார்த்தபடி. “நல்லா முத்திக் காஞ்சதா இருக்கோணும்.”

“தோப்புல எடுத்துக்க” என்றார் முதலாளி. கதவைச் சாத்திக்கொண்டு இடது மூலையில் உட்கார்ந்தார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பிப் போனது.

கேட் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்ற விசுவநாதன் சார், “ஏனுங்க ஆரோக்கியம், அவருக்கு இது எப்ப இருந்து தெரியுமுங்க?” என்று கேட்டார்.

“நான் கேக்கலீங்க சார்.”

“அதுவும் நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.